அப்பா ஏழு மாதங்களாகச் செல்லும் பகல்நேர முதியோர் மையம்: ஒரு மதிப்புரை

என் தந்தையாருக்கு வயது 77. நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு எட்டு மாதங்கள் லால்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். அடுப்பில் பால் வைத்ததை மறந்து பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்குப் புகை சூழ்ந்த மறுநாளே அவரைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிட்டோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். மூன்றாம் மாடிக் குடியிருப்பில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை அப்பா ஒருவராக இருந்த அந்த இரண்டு மாதங்களில் அவருடைய பேச்சு குறைந்தது, எடை நான்கு கிலோ இறங்கியது, கேட்டால் "வயிறு சரியில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. கடந்த ஆகஸ்ட் இறுதியில்தான் அவரை இந்த மையத்தில் சேர்த்தோம்.

மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை நேரில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றை அவர்கள் திருத்திக்கொண்டுமிருக்கிறார்கள். வயதான பெற்றோரை இப்படி ஓர் இடத்தில் சேர்க்கலாமா என்று தயங்கி நிற்பவர்களுக்கு, எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்வதே என் நோக்கம்.

முதலில் வசதிகள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 முதல் மாலை 4.30 வரை மையம் இயங்குகிறது. வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஏறுவதற்குத் தாழ்வான படி வைத்திருக்கிறார்கள். மாதக் கட்டணம் 9,500 ரூபாய். இதில் காலைச் சிற்றுணவு, மதிய உணவு, மாலைத் தேநீர், சுண்டல் எல்லாம் அடக்கம். கழிவறையில் பிடிமானக் கம்பிகள், வழுக்காத தரை, தேவைப்பட்டால் வெளியிலிருந்தே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் எல்லாம் சரியாக இருக்கின்றன. செவிலியர் ஒருவர் முழுநேரமும் இருக்கிறார், இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று நாள் வருகிறார், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறிப்பேட்டில் தவறாமல் ஏறுகின்றன. உணவில் உப்பு குறைவு என்று அப்பா சொல்வார். அது அவர்கள் வேண்டுமென்றே செய்வது, நான் அதைக் குறையாக எண்ணவில்லை. ஆக, உடம்பைக் கவனிக்கும் பகுதியில் இந்த மையத்துக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

நான் நீளமாக எழுத விரும்புவது மனத்தைக் கவனிக்கும் பகுதியைப் பற்றி. முதுமையில் மனத்துக்குள் என்னென்ன மாறுகின்றன, என்னென்ன மாறாமல் நிற்கின்றன என்பதை அறிந்தவர்கள் ஒரு மையத்தை நடத்துவதற்கும், அன்பு மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஏழு மாதங்களில் கண்ணெதிரே பார்த்தேன்.

சேர்த்த அன்று நினைவாற்றல் சோதனை ஒன்று வைத்தார்கள். 1975இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படும், 30 மதிப்பெண்களுக்கான அந்தச் சோதனையைத்தான் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுக்கிறார்கள். இன்றைய தேதி என்ன, இது எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வைத்துப் பிறகு சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேள்விகள் போகும். தேதி கேட்டபோது அப்பா, "ஆவணி பன்னிரண்டு" என்றார். சோதனை எடுத்த இளம்பெண் ஒரு கணம் விழித்துவிட்டுச் சுழியம் போட்டார். அறையிலேயே தொங்கிக்கொண்டிருந்த தினசரி நாட்காட்டியை நான் காட்டிய பிறகு, ஆகஸ்ட் 28க்கு நேரே ஆவணி 12 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்தினார். கழித்தல் கணக்கிலும் அப்படித்தான். 93 வந்தது, 86 வந்தது, அடுத்ததற்கு அவர் விரலைத் தொடையில் தட்டியபடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி மாறிவிட்டது. முதுமையில் மிகத் தெளிவாகக் குறைவது மனம் செயல்படும் வேகம். விடை இருக்கும், வருவதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் எடுக்கும் சோதனை வேகத்தை அளந்துவிட்டு அறிவை அளந்ததாக எழுதிவைக்கிறது. முதலில் 21 என்று எழுதியது, திருத்திய பின் 23 ஆனது.

இதைவிடப் பெரிய குறை, மனநிலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காததுதான். முதியோரின் மனச்சோர்வை அறிவதற்கென்றே ஆம், இல்லை என்று மட்டும் விடை சொல்லக்கூடிய 15 கேள்விகள் கொண்ட சுருக்கமான அளவுகோல் ஒன்று 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. எடுத்து முடிக்கப் பத்து நிமிடங்கூட ஆகாது. வயதானவர்களின் மனச்சோர்வு இளைஞர்களுடையதைப்போல அழுகையாக வெளிப்படாமல், வயிற்று உபாதையாக, உடம்பு வலியாக, பசியின்மையாக, மறதியாக வரும். அந்த மறதியைப் பார்த்து இது அறிவுத்திறன் வீழ்ச்சி நோய் (டிமென்ஷியா) என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவதும், உண்மையான நோயின் தொடக்கத்தைச் சோர்வு என்று தள்ளிவிடுவதும், இரண்டுமே நடக்கின்றன. நாங்களாகவே முதியோர் மருத்துவம் படித்த ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதல் வேலையாக அம்மாவைப் பற்றிக் கேட்டார். அதுவரை எங்கள் முன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பா அங்கே உட்கார்ந்து அழுததை எழுதும்போது எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தெரிந்தது. அதுவும் மறதியைக் கூட்டக்கூடியது. ஊசியும், குறைந்த அளவில் மனச்சோர்வுக்கான மாத்திரையும் தொடங்கினார்கள். பகல்நேர மையங்கள் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இரத்த அழுத்தத்தைத் தினமும் குறிக்கிறீர்கள், மாதம் ஒரு முறை இந்தப் பதினைந்து கேள்விகளையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

அடுத்தது கூடத்தைப் பற்றி. பளபளக்கும் தரை ஓடு, உயரமான கூரை, ஆறு மின்விசிறிகள், சுவரில் எப்போதும் ஓடும் தொலைக்காட்சி. முதல் மாதம் அப்பா சன்னலோர நாற்காலியில் ஒதுங்கியே இருந்தார். "தாத்தா யாரோடும் சேர மாட்டேங்கிறார்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார்கள். உண்மையில் அவருக்குக் குரல்கள் காதில் விழுந்தன, சொற்கள் புரியவில்லை. வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் உயிரொலிகள் கேட்கும், ச, த போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப்போகும். அமைதியான அறையில் ஒருவரோடு நன்றாகப் பேசுகிறவர், இரைச்சல் மிகுந்த கூடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்குவார். இரண்டு முறை தவறான விடை சொல்லிப் பிறர் சிரித்துவிட்டால் பேச்சையே நிறுத்திக்கொள்வார். அறிவுத்திறன் வீழ்ச்சியைத் தடுப்பது பற்றி மருத்துவ இதழான லேன்செட் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 அபாயக் காரணிகளுள் கேட்புக் குறைபாடும் தனிமையும் மனச்சோர்வும் இடம்பெற்றுள்ளன. அப்பாவிடம் இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. காதுக் கருவி வாங்கினோம். மையத்திலும் பேசி, குழுவாக உட்காரும் நேரத்தில் தொலைக்காட்சியை அணைக்கச் செய்தேன். ஒரு பொத்தானை அழுத்துவதுதான் வேலை. ஆனால் அதற்கு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்திக்கு வருகிறேன். மையத்தில் எல்லா ஆண்களும் "தாத்தா", எல்லாப் பெண்களும் "பாட்டி". பணியாளர்கள் அன்போடுதான் அழைக்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "தாத்தா சமத்தா சாப்பிடணும்", "எங்கே, எல்லாரும் கை தட்டுங்க பார்ப்போம்" என்று குரலை உயர்த்தி, இழுத்து, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசும்போது, எதிரில் இருப்பவர் தம்மைக் குழந்தையாக ஆக்கிவிட்டதை உணர்கிறார். முதியோர் இல்லங்களில் இத்தகைய பேச்சைப் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அறிவுத்திறன் குன்றியவர்கள்கூட இப்படிப் பேசப்படும்போது பராமரிப்புக்கு ஒத்துழைக்க மறுப்பது கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் மொழியில் உறவுமுறை வைத்து அழைப்பது மரியாதை என்பது உண்மைதான். ஆயினும் வாழ்நாளெல்லாம் "சர்வேயர் சார்" என்று ஊரார் வழிவிட்ட ஒரு மனிதருக்கு, அறிமுகமே இல்லாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் "தாத்தா" என்பது, இனி நீ யாராக இருந்தாய் என்பது எங்களுக்குத் தேவையில்லை என்று ஒலிக்கிறது. இரண்டாவது வாரம் வாத்துப் படம் அச்சிட்ட தாளையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "நான் இனிப் போகவில்லையம்மா" என்றார், அவ்வளவுதான்.

அந்த வாரமே மையத்தை நிறுத்தியிருப்பேன். நிறுத்தாததற்குக் காரணம் அங்கே இருந்த ஒரு பணியாளர். சமூகப் பணி படித்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் முறையிட்டபோது மறுத்துப் பேசாமல் குறிப்பேட்டை எடுத்து, "உங்கள் அப்பாவை எப்படி அழைக்க வேண்டும்? வேலையில் இருந்தபோது அவருக்கு எது பிடிக்கும்? எதில் அவர் மற்றவரைவிடக் கெட்டிக்காரர்?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். சேர்க்கும் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், ஆனாலும் கேட்டார். மறுநாளிலிருந்து அப்பா "சர்வேயர் ஐயா" ஆனார்.

ஒரு புதன்கிழமை மணப்பாறைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் தம் பட்டா நகலைக் கொண்டுவந்திருந்தார். பரப்பு, ஹெக்டேர்-ஏர் கணக்கில், 0-12.50 என்று இருந்தது. அது 25 சென்ட்தான் என்று அவருடைய தம்பி சாதிக்கிறாராம். அந்தப் பணியாளர் தாளை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பன்னிரண்டரை ஏர். ஒரு ஏருக்கு 2.47 சென்ட். ஏறக்குறைய முப்பத்தொன்று வரும்மா, இருபத்தைந்து இல்லை" என்றார், தாளும் பேனாவும் கேட்காமலே. நூறிலிருந்து ஏழைக் கழிக்கத் திணறியதாக எழுதப்பட்ட அதே மனிதர். அன்று மாலை வேனிலிருந்து இறங்கியதும் அவர் எனக்குச் சொன்ன முதல் செய்தி இதுதான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்று உளவியல் படித்தவர்கள் சொல்வார்கள். புதிய புதிரை அவிழ்க்கும் ஆற்றல், அனுபவத்தில் திரண்ட அறிவு என்று அறிவை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர்கள் ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும். முன்னது நடுவயதுக்கு முன்பே இறங்கத் தொடங்குகிறது; சொல்வளம், தொழிலறிவு, மனிதரை எடைபோடும் திறன் போன்ற பின்னவை நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றன. உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கி, ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் சோதித்த நெடும் ஆய்வும், பெரும்பாலான திறன்கள் அறுபது வயது வரை குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்றும், ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது என்றும் காட்டியது. 28 முதியோரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே வாத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வது ஏன் தவறு என்பதற்கு இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதும்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வாரம் ஒரு மணி நேரம் "யாருக்கு என்ன தெரியும்" என்று ஒரு கூட்டம் நடக்கிறது. ஓய்வு பெற்ற தையற்காரர் கை அளவு எடுப்பதைச் சொல்கிறார். அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்த செவிலியர் ஒருவர் பேசினால் ஊழியர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். அப்பா ஒரு நாள் பழைய அளவைச் சங்கிலியைப் பற்றிப் பேசினாராம்: 66 அடி, நூறு கண்ணிகள், வெயிலில் இரும்பு நீளுமே, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று. அதிலிருந்து நழுவிப் பன்னிரண்டு வயதில் ஊர்க் கிணற்றின் மேல்வரம்பிலிருந்து குதித்த கதைக்குப் போய்விட்டார். முதியவர்கள் பழங்கதை பேசுவதை அறிவு தளர்வதன் அடையாளமாகக் கருதிய காலத்தில், 1963இல் ராபர்ட் பட்லர் என்னும் மனநல மருத்துவர், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் இயல்பான மனவேலை என்று எழுதினார். நான் அதை அங்கே பார்த்தேன். கிணற்றுக் கதையின் முடிவில் அம்மாவின் பெயர் வந்தது. வீட்டில் அவர் அந்தப் பெயரை ஓராண்டாக உச்சரித்ததில்லை.

தோட்டத்தையும் சொல்ல வேண்டும். பின்புறம் பத்துத் தொட்டிகள் இருக்கின்றன. முன்பு தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றுவார், முதியோர் பார்ப்பார்கள். இப்போது விருப்பப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு தொட்டி. என்ன செடி, எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. 1976இல் உளவியலாளர்களான எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஏறத்தாழ இதையேதான் செய்து பார்த்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களுக்குச் செடியையும் அன்றாடச் சிறு முடிவுகளையும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டார்கள். மற்றத் தளத்தில் எல்லாவற்றையும் ஊழியர்கள் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் உறைப்பது இரண்டாம் தளத்தின் அன்பு. நாங்களும் அப்பாவை அப்படித்தான் வைத்திருந்தோம்: "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கிறோம்." அவர் தொட்டியில் மிளகாய் போட்டிருக்கிறார். பச்சையாகப் பறித்த நான்கு மிளகாய்களைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த அன்று, எங்கள் வீட்டில் அந்தத் தாள் பிரிந்து கிடந்த மேசையைச் சுற்றி நாங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இன்னும் திருந்தாத குறைகள் இரண்டு. மதியம் 1.30 முதல் 3.30 வரை எல்லாரையும் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வயதாகும்போது உறக்கம் இலேசாகி, தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் முன்னால் நகர்ந்துவிடுகின்றன. பகலில் இரண்டு மணி நேரம் தூங்கியவர் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், வீட்டார் அதற்கு மாத்திரை தேடுவார்கள், அந்த மாத்திரையால் மறுநாள் தடுமாறி விழுவார். அரை மணி நேரம் ஓய்வு, பிறகு விரும்பியவர்களுக்கு வெளிச்சமான அறையில் கேரமோ தாயமோ என்று வைத்தால் போதும். ஊழியர்களின் உணவு நேரம் அது என்பதால்தான் மாற்றத் தயங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது, பிறந்தநாள், பண்டிகை என்று அடிக்கடி வைக்கும் பெரிய கூட்டங்கள். வாழ்நாள் குறுகுவதை உணரும்போது மனிதர்கள் புதிய அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு, மனத்துக்கு நெருங்கிய சிலரோடு இருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்கியிருக்கிறார். அப்பாவுக்குத் தையற்காரரும் அந்தச் செவிலியரும் போதும். பெரிய கூட்டத்துக்கு வர மறுப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

படுக்கையிலிருந்து எழ இயலாதவர்களுக்கும், அறிவுத்திறன் வீழ்ச்சி நோய் முற்றி அலைந்து திரியும் நிலையில் இருப்பவர்களுக்கும் இந்த மையம் பொருந்தாது. அதற்கான பயிற்சியோ ஆள்பலமோ அங்கே இல்லை. அத்தகையோருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட, 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

கடந்த மாதம் நினைவாற்றல் சோதனையை மீண்டும் எடுத்தார்கள், இம்முறை அவசரப்படுத்தாமல், காதுக் கருவியோடு. 26 வந்தது. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. மாத்திரை, ஊசி, கருவி, மையம் ஆகியவற்றுள் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அடுத்த காலாண்டுக்கான படிவத்தில், சென்ற முறை நான் கையெழுத்திட்ட இடத்தில் இம்முறை அப்பாவே கையெழுத்திட்டார். கட்டணத்தையும் தம் ஓய்வூதியத்திலிருந்து தாமே கட்டினார்.

இத்தகைய மையத்தைப் பார்க்கச் செல்பவர்கள், அவர்கள் சுற்றிக்காட்ட ஒதுக்கும் நேரத்தில் போகாமல், முற்பகல் 11 மணிக்கோ மதியம் 2 மணிக்கோ போங்கள். மின்விசிறிகள் ஓடும்போது கூடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, முன்னால் பேசுபவரின் சொற்கள் உங்களுக்கே புரிகின்றனவா என்று பாருங்கள். யாரை எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பொறுப்பாளர் உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, அவர்களைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.